பொம்மைக்கு அச்சடித்த கண் வேண்டாம்

கைவினைக் கடைகளில் இப்போது பொம்மைக்கண் தாளாகவே வந்துவிட்டது. வரிசையாக அச்சடித்த விழிகள். வெட்டி எடுத்து, அடி தட்டையாகவும் மேல் மேடாகவும் இருக்கும் கண்ணாடிக் குமிழின் அடியில் ஒட்டினால் போதுமாம். "அஞ்சே நிமிஷ வேலை சார்" என்கிறார் கடைக்காரர். பென்ஷன் வாங்கும் நமக்கு அந்த அஞ்சு நிமிஷத்தை மிச்சம் பிடித்து என்ன ஆகவேண்டும்?

அந்தத் தாளை உற்றுப் பாருங்கள். முக்கால்வாசி நீலமும் பச்சையும். துணியில் தைத்த நம் வீட்டு ஆண்டாளுக்கு நீலக்கண் வைத்தால் யார் வீட்டுப் பெண் அவள்? அடுத்து, விழியின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளியையும் சேர்த்தே அச்சடித்திருப்பார்கள், பளபளப்புக்காம். கண்ணாடி மேடு தானாகவே ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி மின்னும். அச்சுப் புள்ளி ஒரு பக்கம், நிஜ வெளிச்சம் இன்னொரு பக்கம். பொம்மை விழிப்பதில்லை, முழிக்கிறது. போதாததற்குப் பசை ஈரத்தில் மை வேறு கசியும்.

கையால் எழுதுவது ஒன்றும் ரகசிய வித்தை அல்ல. தட்டையான அடிப்பக்கத்தில் எழுதுவதால் எல்லாமே தலைகீழ் வரிசை. முன்னால் தெரியவேண்டியதை முதலில் எழுதவேண்டும். நடுவில் கறுப்புப் பாப்பா. காய்ந்ததும் ஓரத்தில் மெல்லிய கரும்பழுப்பு வளையம். பிறகு மிகச் சன்னமான தூரிகையால் பாப்பாவிலிருந்து வெளிநோக்கித் தேன்நிறக் கீற்றுகள். கடைசியில் எல்லாவற்றையும் மூடிப் பழுப்பு. ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காயவேண்டும், அவசரப்பட்டால் பாப்பா கரைந்து இழுபடும். கருவிழி என்று நாம் சொன்னாலும் அது கறுப்பல்ல, பழுப்பு. சந்தேகமிருந்தால் பேத்தியை வெயிலில் நிறுத்திப் பாருங்கள்.

"கை நடுங்குதே தாத்தா, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று என் பேத்தியே கேட்டாள். பேரேட்டுப் பத்திக்குத்தான் நேர்க்கோடு வேண்டும். கருவிழிக் கீற்று மனிதருக்கும் கோணல்மாணலாகத்தான் இருக்கிறது, ஒருவரின் இரண்டு கண்ணுமே அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. மணிக்கட்டைத் தடிப் புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். (என்னுடையது பழைய லரூஸ் அகராதி.)

பொம்மைக்கண்தானே என்று இளப்பமாகப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஜெர்மனியில் லௌஷா என்ற ஊரில் பொம்மைக்குக் கண்ணாடிக்கண் செய்துவந்த லுட்விக் முல்லர்-ஊரிதான் 1835-இல் கண் இழந்த மனிதருக்கும் செய்யத் தொடங்கினார். பாரிஸின் ழுமோ பொம்மைகளை இன்றும் பொறுக்கியெடுத்துச் சேர்க்கிறார்களே, அவற்றின் ஆழமான கண்ணாடிக் கண்களும் அதற்கு ஒரு காரணம்.

பள்ளியில் எங்களுக்குக் கண்ணின் பாப்பாவைப் 'ப்யூப்பீய்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதன் லத்தீன் மூலத்துக்குச் சின்னப் பொம்மை என்று பொருள். தமிழிலும் பாவை என்றால் பொம்மை, கண்ணின் மணியும் பாவை. எதிரே நிற்பவரின் உருவம் குட்டியாக அதில் தெரிவதால் வந்த பெயர். இரண்டு மொழிக்காரர்களும் கண்ணுக்குள் பொம்மையைப் பார்த்திருக்கிறார்கள், நாம் பொம்மைக்குள் ஒட்டுத்தாளை வைக்கிறோம்.

வரும் நவராத்திரிக்குள் ஒரு ஜோடியாவது எழுதிப் பாருங்கள். குமிழைத் தொடுமுன் ஸ்பிரிட்டால் துடையுங்கள், விரல் எண்ணெய் இருந்தால் வர்ணம் பிடிக்காது.