சங்கிலியைத் தடுத்த குரல்



பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களிலிருந்து நம் பிள்ளைகள் பலர் ரயிலேறித் திருவனந்தபுரத்துக் கல்லூரிகளுக்குச் செல்கிறார்கள். அவர்களுடைய பாதுகாப்புக்காக ஜெபித்து அனுப்புகிறோம். அடுத்த பெட்டியில் ஒரு பெண் அலறினால் என்ன செய்ய வேண்டுமென்று சொல்லி அனுப்புகிறோமா?

2011 பிப்ரவரி 1 அன்று, எறணாகுளம் - ஷொறணூர் பாசஞ்சர் வண்டியின் மகளிர் பெட்டியில் தனித்திருந்த 23 வயது இளம்பெண் தாக்கப்பட்டாள். அலறல் அடுத்த பெட்டிக்குக் கேட்டது. ஒருவர் அபாயச் சங்கிலியை இழுக்க முற்பட்டார். கதவருகே நின்ற நடுவயதுக்காரர் தடுத்தார். அவள் குதித்துத் தப்பிவிட்டாள், இதை வளர்த்தால் எல்லாரும் கோர்ட்டுக்கு அலைய நேரிடும் என்றார். வண்டி நிற்கவில்லை. ஷொறணூர் சேர்ந்த பின்புதான் கார்டிடம் சொன்னார்கள். இருப்புப்பாதையோரம் வன்கொடுமைக்கு ஆளான அப்பெண், பிப்ரவரி 6 அன்று திருச்சூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மரித்தாள்.

கோர்ட்டுக்கு அஞ்சியவரின் சொல்லே கோர்ட்டில் போய் நின்றது. அவள் தானே குதித்திருக்கலாம் என்ற ஐயத்தினால், 2016இல் உச்ச நீதிமன்றம் கொலைக்குற்றத்தை நீக்கியது. மரண தண்டனை ரத்தாகி, வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனை நிலைத்தது.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். வெளியிலே கூப்பிட்ட பெண்ணைக் காப்பாற்ற ஒருவரும் இல்லை; ஆகவே அவள்மேல் குற்றமில்லை என்கிறது நியாயப்பிரமாணம். அங்கே ஆளில்லை. இந்த வண்டியிலோ ஆட்கள் இருந்தார்கள்.

வாலிபத் தம்பி, தங்கையே, தக்க காரணமின்றிச் சங்கிலியை இழுப்பதே ரயில்வே சட்டத்தின் 141ஆம் பிரிவின்படி குற்றம். அலறல் கேட்டு இழுப்பது குற்றமன்று. 139 என்ற எண் ரயில்வேக்கு உரியது. 112 எங்கும் உதவும். பேருந்திலோ கல்லூரியிலோ ஒருத்தி தொல்லைக்கு உள்ளானால், சண்டையிட வேண்டுமென்பதில்லை. அறிந்தவர்போல் அருகே போய்ப் பேசுங்கள். நடத்துநரையோ ஆசிரியரையோ கூப்பிடுங்கள். தனியே அஞ்சினால் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொல்லை கொடுப்பவன் உங்கள் நண்பனானால், முதலில் தடுக்க வேண்டியவர் நீங்களே.

பெற்றோரே, அன்று ஒரு கை சங்கிலிக்கு நீண்டது; ஒரு குரல் அதைத் தடுத்தது. "நமக்கேன் வம்பு" என்று நாம் வீட்டில் சொல்லும்போதெல்லாம் அந்தக் குரலையே பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம். இன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்ததும், அலறல் கேட்டால் எழுந்திரு, பின்வரும் வழக்கில் நாங்கள் உன்னோடு வருவோம் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.