‘நான்கு’ என்று எங்காவது எழுதி வையுங்கள்

கணினி மையங்கள் அனுப்பும் அறிவிப்புகளில் எனக்கு ஒவ்வாத சொல் ஒன்று உண்டு: ‘திடீரென’. ‘சேமிப்பகத்தில் திடீரென ஏற்பட்ட கோளாறினால் சேவை தடைப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ இரட்டைப் பாதையுள்ள சேமிப்பகம் திடீரெனத் துண்டிக்கப்படுவது அரிது. முதற்பாதை அறுந்த நாளில் எவருக்கும் எதுவும் தெரிவதில்லை. எஞ்சிய பாதையும் அறுந்த நாளையே விபத்து என்கிறோம். இடைப்பட்ட வாரங்களுக்கு யார் பொறுப்பு என்பதே என் கேள்வி.

துறைக்கு வெளியே இருப்போருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய கணினித் தொகுதிகளில் ஆய்வுத் தரவு பெரும்பாலும் சர்வருக்குள் இருப்பதில்லை. தனியே நிற்கும் சேமிப்பகத்தில் இருக்கிறது. சர்வரில் இரண்டு எச்பிஏ அட்டைகள், நடுவில் இரண்டு ஃபைபர் சேனல் ஸ்விட்சுகள், மறுமுனையில் இரண்டு கன்ட்ரோலர்கள். ஒவ்வோர் அட்டையும் தன் ஸ்விட்ச் வழியே இரு கன்ட்ரோலர்களையும் காணுமாறு அமைத்தால் ஒரே வட்டுக்கு நான்கு பாதைகள் கிடைக்கும். லினக்ஸின் மல்டிபாத் மென்பொருள் இந்நான்கையும் ஒன்றாக்கிக் காட்டுகிறது. ஒரு பாதை போனால் மற்றொன்றின் வழியே வேலை தொடரும். பயனர் அதை உணரவே மாட்டார். உணராதிருக்க வேண்டும் என்பதற்காகவே அது படைக்கப்பட்டது. ஆகவே, வேறு யாராவது பார்த்துக்கொண்டிருந்தாக வேண்டும்.

எங்கள் நிறுவனத்தில் யாரும் பார்க்கவில்லை. (பெயர் வேண்டாம், இந்தியாவின் எந்த வளாகத்திலிருந்து படித்தாலும் உங்களுடையது என்றே தோன்றும்.) சென்ற பருவத்தில் மூன்று நாள்கள் அனைத்தும் உறைந்து நின்றன. ஒரு பாதையும் இல்லாதபோது பிழை காட்டாமல் காத்திருக்குமாறு மல்டிபாத் பணிக்கப்பட்டிருந்தது. அது தவறான அமைப்பு அன்று. பாதை மீண்டு வந்தால் எழுதவேண்டிய தரவு தப்பும். ஆனால் காத்திருக்கும் நிரல்கள் ‘டி’ நிலையில் சிக்கிவிடும். ‘கில் -9’ கட்டளையும் அவற்றை அசைக்காது. ஆறு வாரங்களாக ஓடிய கணிப்பொன்றும் அவற்றுள் இருந்தது. ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளை எண்ணிக்கொண்டிருந்த தோழி ஒருவருடையது அது.

வந்த பொறியாளர் பழுதான எஸ்எஃப்பி ஒன்றை மாற்றி, சர்வரை மறுதொடக்கம் செய்தார். கணிப்பு அத்துடன் முடிந்தது. ‘மல்டிபாத் -எல்எல்’ என்று கேட்டபோது இரண்டு பாதைகள் வந்தன. இரண்டும் ‘ஆக்டிவ் ரெடி ரன்னிங்’. ‘சேமிப்பகம் நலம்’ என்று அஞ்சல் வந்தது. பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: முதல் அட்டையின் இணைப்பு பதினொரு வாரங்களுக்கு முன்பே அறுந்திருந்தது. அறுந்த அவ்விரு பாதைகள் ஏன் ‘ஃபால்டி’ என்று காட்டப்படவில்லை? தொடங்கும்போதே காணப்படாத பாதை பட்டியலில் இடம்பெறுவதே இல்லை. மறுதொடக்கம் கோளாறைத் தீர்க்கவில்லை. கோளாறு இருந்தது என்ற வரியை அழித்தது.

இங்கேதான் எனக்குச் சினம் வருகிறது. சிவப்பு வரிகளை மட்டும் எண்ணும் எச்சரிக்கை நிரலால் இதைப் பிடிக்க முடியாது. இருக்கவேண்டியவை எத்தனை என்று தெரிந்தால்தான் இருப்பவை குறைவென்று தெரியும். அந்த ‘நான்கு’ எந்த ஆவணத்திலும் இல்லை.

மறுதொடக்கப் பொத்தானுக்கு முன்னால் செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. வீழ்ந்த பாதைகளுக்குப் பொதுவானது எது என்று பாருங்கள். அவை ஒரே அட்டையில் சேர்ந்தால் அட்டை, கேபிள், எஸ்எஃப்பி, அதை இணைக்கும் ஸ்விட்ச் ஆகியவற்றை ஐயுறலாம். ஒரே கன்ட்ரோலரில் சேர்ந்தால் சேமிப்பகத்தின் பக்கம் செல்லலாம். ‘எஃப்சி ஹோஸ்ட்’ அடைவில் போர்ட்டின் நிலை ‘ஆன்லைன்’ என்றும் பாதை இல்லை என்றும் இருந்தால் ஸோனிங்கைப் பாருங்கள்: அட்டையை மாற்றினால் அதன் டபிள்யூடபிள்யூபிஎன் எண்ணும் மாறும், ஸ்விட்சிலும் சேமிப்பகத்தின் அனுமதிப் பட்டியலிலும் பழைய எண்ணே கிடக்கும். முற்றும் செத்த பாதையைவிட விழுந்து விழுந்து எழும் பாதை கொடியது. வேலை ஓடும், ஆனால் நொண்டும். அதற்கு ஒளியிழை முனையில் படிந்த சிறு தூசியே போதும். பிழை எண்ணிக்கைகள் ஏறுகின்றனவா என்று ஒரு மணி நேரம் பார்த்தால் புலப்படும். மாறாக, ‘உங்கள் நிரல்தான் வட்டை அதிகம் அலைக்கழிக்கிறது’ என்று மாணவருக்கு அஞ்சல் எழுதுவது எளிது; அதுவே வழக்கமும்கூட.

நிதி இல்லை என்பார்கள். 2015இல் தேசிய மீத்திறன் கணினித் திட்டத்துக்கு 4,500 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. இயந்திரம் வாங்க இந்நாட்டில் பணம் இருக்கிறது. டெண்டரில் ‘இரு பாதைகள்’ என்று எழுதுகிறோம். அட்டைகளும் வந்து சேர்கின்றன. ஏற்புச் சோதனையில் ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார்த்தவர் எத்தனை பேர்? இரு கேபிள்களும் ஒரே ஸ்விட்சில் செருகப்பட்டிருக்கலாம். இரு ஸ்விட்சுகளும் ஒரே யூபிஎஸ்ஸில் தொங்கலாம். காகிதத்தில் அதுவும் இரட்டைப் பாதைதான். இவற்றைக் கவனிக்க வேண்டியவரோ ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருக்கும் ஓர் இளைஞர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு முன்னிருந்தவர் எதையும் எழுதி வைக்காமல் சென்றார், அவரும் அவ்வாறே செல்வார்.

‘ஆய்வாளருக்கு இந்த நுட்பங்கள் எதற்கு?’ என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். ஆய்வகத்தின் தராசு சரியா என்று பார்ப்பது வேதியியலாளரின் வேலையென்றால், இதுவும் எங்கள் வேலைதான்.

அடுத்த பயனர் குழுக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுத்தில் அளிக்கவிருக்கிறேன். எத்தனை பாதைகள் இருக்க வேண்டும்? இன்று காலை எத்தனை இருந்தன? கடைசியாக எந்தத் தேதியில் ஒரு கேபிளைப் பிடுங்கிச் சோதித்தீர்கள்? உங்கள் வளாகத்திலும் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் விடையை, நிறுவனத்தின் பெயரின்றி, கீழே பதியுங்கள்.