பட்டாளத்துக்காரருக்கு ரயில் சும்மாவா?

“அவங்களுக்கென்னப்பா! ரயில் சும்மா, பிளேன் பாதி விலை, டோல்கேட்டுல கார்டைக் காட்டினா கதவு தன்னால திறக்கும். மாமியார் வரைக்கும் ஓசிதான்.” பட்டாளத்தில் ஆள் இருக்கிற எந்த ஊரிலும் இந்தப் பேச்சு உண்டு. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பி ‘ராணுவப்பேட்டை’ என்று பெயர் வாங்கிய வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைச் சுற்றிலும் இது நிச்சயம் புழங்கும். இந்தப் பேச்சின் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் உண்மை ஒட்டியிருப்பதால்தான் இத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது.

முதலில் ரயில். ராணுவ வாரண்ட் என்பது புத்தகத்திலிருந்து கிழித்துத் தரும் ஒரு படிவம். எங்கிருந்து எங்கே, எந்த வகுப்பு, யார் யார், என்ன வயது என்று எழுதி, யூனிட் முத்திரை குத்தி, அதிகாரி கையெழுத்துப் போட்டுத் தருவார். கவுண்டரில் அதைக் கொடுத்துத்தான் டிக்கெட் வாங்க வேண்டும். அடித்தல் திருத்தம் இருந்து, பக்கத்தில் அதிகாரியின் கையெழுத்து இல்லாவிட்டால் அலைச்சல்தான். இப்போது பெரும்பாலும் யூனிட்டே கணினி வழியாக டிக்கெட் எடுத்துவிடுகிறது. எப்படி எடுத்தாலும் ரயில்வே ஒரு பைசாவையும் தள்ளுபடி செய்வதில்லை. முழுக் கட்டணமும் பாதுகாப்புத் துறையின் கணக்கிலிருந்து ரயில்வேக்குப் போகிறது. பயணி கட்டவில்லை என்பது உண்மை. அவருடைய முதலாளி கட்டுகிறார்.

முதலாளி ஏன் கட்ட வேண்டும்? கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு காஷ்மீரின் கட்ரா வரை போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் கிளம்பும், போய்ச் சேர மூன்று நாளாகும். காட்பாடியில் ஏறுகிற சிப்பாய் அந்தத் தூரத்தை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்ததில்லை. போஸ்டிங் போட்டார்கள், போகிறார். ஊழியரைப் பெங்களூரிலிருந்து குர்கானுக்கு மாற்றும் தனியார் கம்பெனிகூடத்தான் டிக்கெட்டும் சாமான் ஏற்றும் செலவும் தருகிறது. அதை யாரும் ஓசி என்று சொல்வதில்லை.

அடுத்தது, நினைத்தபோதெல்லாம் போகலாம் என்பது. சிப்பாய்க்கு ஆண்டு விடுப்பு 60 நாள், கேஷுவல் லீவு 30 நாள். அரசுச் செலவில் ஊருக்குப் போய்வருவது ஆண்டு விடுப்போடு கட்டிப்போட்ட உரிமை. தங்கையின் கல்யாணத்துக்கோ அப்பாவின் ஆபரேஷனுக்கோ கேஷுவல் லீவில் ஓடி வரும்போது, கட்டணத்தில் ஒரு பெரிய பங்கைத் தானே கட்டும் சலுகைச் சீட்டுதான் கிடைக்கும். அதிலும் ஆண்டுக்கு இத்தனை என்று எண்ணிக்கை உண்டு. தீர்ந்துவிட்டால் முழுக் கட்டணம். அரசுச் செலவில் போய்விட்டு ஒழுங்காகக் கணக்குக் காட்டாவிட்டால் அந்தத் தொகை சம்பளத்தில் பிடித்தமாக வந்து நிற்கும். 2022-இல் அக்னிபத் திட்டம் வந்த பிறகு சேரும் அக்னிவீரர்களுக்கோ ஆண்டுக்கு 30 நாள்தான் விடுப்பு. சலுகை இருந்தாலும் அதைச் செலவழிக்க நாள் வேண்டுமே!

மாமியார் விஷயம் சுவையானது. விதிப்படி ‘குடும்பம்’ என்பது பந்தியில் உட்காருகிற குடும்பம் இல்லை. மனைவி, சார்ந்து வாழும் பிள்ளைகள் என்று தொடங்கும் பட்டியல் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. சம்பாதிக்க ஆரம்பித்த மகன் அதில் இல்லை. கணவன் வீட்டில் வாழும் மகள் இல்லை. பெற்றோர் வருவதானால், தன்னை நம்பித்தான் பிழைக்கிறார்கள் என்று சிப்பாய் காட்ட வேண்டும். மாதம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் என்ற வருமான வரம்பைத் தாண்டினால் அவர்கள் சார்ந்தவர்களாகக் கணக்கில் வரமாட்டார்கள். மனைவியைப் பெற்றவள் அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் உட்கார முடியாது.

சரி, சீட்டாவது உறுதியாகக் கிடைக்குமா? ராணுவக் கோட்டா என்று தனியாக இருக்கிறது. சென்னை சென்ட்ரல் போன்ற பெரிய நிலையங்களில் படையினரின் பயணத்தைக் கவனிக்கும் எம்சிஓ அலுவலகமும் இருக்கிறது. ஆனால் ஒரு வண்டியில் அந்தக் கோட்டாவுக்கு ஒதுக்குவது கைவிரல் விட்டு எண்ணும் பெர்த்துகள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அதற்கு வரிசையில் நிற்பவர்களும் பட்டாளத்துக்காரர்கள்தான். வாரண்ட் கட்டணத்தைத் தீர்க்கும், இடத்தை உண்டாக்காது. வட இந்திய வண்டிகளில் கழிவறைப் பக்கம் கருப்பு டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து வருகிற ராணுவக்காரரைப் பார்த்தவர்கள் ‘ஓசி’ என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துத்தான் எடுப்பார்கள்.

விமானத்துக்கு வருவோம். இதில் இரண்டு கதைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ராணுவ விமானத்தில் குடும்பத்தோடு ஜாலியாக ஏறிப் போகலாம் என்பது. கூரியர் என்று சொல்லப்படும் அந்த விமானங்கள் ஆளையும் சாமானையும் முகாமுக்கு முகாம் சேர்ப்பதற்காகப் பறப்பவை. 2016 ஜூலை 22 காலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 அப்படி ஒரு கூரியர்தான். அதில் இருந்த 29 பேரில் சிவிலியன்களும் உண்டு. அவர்கள் சுற்றுலா போனவர்கள் அல்லர், விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் ஊழியர்கள், வேலைக்காகப் போனவர்கள். விமானம் வங்கக் கடலின் மேல் மறைந்துபோனது. அதன் சிதைவுகளாக இருக்கக்கூடியவை, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் தென்பட்டதாகப் பாதுகாப்பு அமைச்சகம் 2024 ஜனவரியில்தான் அறிவித்தது.

இன்னொன்று, தனியார் விமானங்களின் ‘டிஃபன்ஸ் ஃபேர்’. அது அரசு தரும் உரிமை இல்லை, கம்பெனியின் வியாபார முடிவு. அவர்கள் நினைத்தால் கூட்டலாம், குறைக்கலாம், எடுத்தும் விடலாம். தள்ளுபடியும் பெரும்பாலும் அடிப்படைக் கட்டணத்துக்குத்தான். விமான நிலையக் கட்டணமும் வரியும் எல்லோருக்கும் போலவே இவர்களுக்கும். அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டுச் செக்-இன் கவுண்டருக்குப் போனால் மிச்சக் காசைக் கேட்பார்கள்.

சீருடை போட்டவர் எல்லாம் ஒரே பட்டியலில் வருவார்கள் என்ற நினைப்பும் இதோடு சேர்ந்தது. சிஆர்பிஎஃப் ராணுவம் இல்லை, உள்துறையின் கீழ் வருவது. 2019 பிப்ரவரி 14 அன்று ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு 78 வண்டிகளில் 2,500-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். லீவு முடிந்து பணிக்குத் திரும்பியவர்கள் அதில் ஏராளம். புல்வாமாவில் அந்த வரிசை மீது நடந்த தாக்குதலில் 40 பேர் இறந்தார்கள். அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் தில்லி–ஸ்ரீநகர், ஜம்மு–ஸ்ரீநகர் தடங்களில் சிஆர்பிஎஃப் உள்ளிட்ட மத்திய ஆயுதப் போலீஸ் படையினர் எல்லா நிலையிலும், லீவுக்கும் சேர்த்து, விமானத்தில் போகலாம் என்று உள்துறை உத்தரவிட்டது. கான்ஸ்டபிள் முதல் உதவி சப்-இன்ஸ்பெக்டர் வரை, அதுவரை அந்தத் தகுதி இல்லாதிருந்தவர்கள் சுமார் 7,80,000 பேர்.

சுங்கச்சாவடிக் கதைக்கு ஆதாரம் 1901-ஆம் ஆண்டுச் சட்டம். பணியில் இருக்கும், அணிவகுத்துப் போகும் படையினருக்கும் உடன்போகும் குடும்பத்துக்கும் சாமான்களுக்கும், ஏன், குதிரைகளுக்கும்கூட அது சுங்க விலக்கு தருகிறது. ‘பணியில்’ என்பதுதான் அதில் முக்கியம். லீவில் வந்தவர் சொந்தக் காரில் பள்ளிகொண்டா சாவடியைக் கடந்தால் ஃபாஸ்டேகில் காசு கழியும், கழிய வேண்டும். ஓய்வுபெற்றவருக்கும் அப்படியே. விதிவிலக்கு பரம்வீர் சக்ரா முதல் சௌர்ய சக்ரா வரையிலான ஆறு வீர விருதுகளைப் பெற்றவர்களுக்கு. அவர்களுக்கு ரயிலிலும் உண்மையான இலவசப் பாஸ் உண்டு, கூட ஒருவரையும் அழைத்துப் போகலாம். ‘ஓசி’ என்று பேசுகிறவர் மனசில் இருக்கும் சித்திரத்துக்கு இந்தப் பாஸ்தான் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. அதை வைத்திருப்பவர்களோ மிகச் சிலர்.

கடைசியாக, சலுகைகள் ஏறிக்கொண்டே போகின்றன என்ற புலம்பல். ரயில்வே தன் கணக்கிலேயே தந்துவந்த ஒரு நல்ல சலுகை இறங்கிய கதை பலருக்குத் தெரியாது. போரில் கணவனை இழந்தவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 75 சதவீதம் கழிவு இருந்தது. கார்கிலில் இறந்தவர்களின் மனைவிகளும், 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் உயிர்விட்டவர்களின் மனைவிகளும் அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி, மாற்றுத்திறனாளிகள், சில நோயாளிகள், மாணவர்கள் நீங்கலாக மற்ற கழிவுகளை ரயில்வே நிறுத்தியது. இவர்களுடையதும் போனது. 58 வயது கடந்த பெண்களுக்கு இருந்த 50 சதவீதமும் அதோடு போனதால், யாழ்ப்பாணத்தில் கணவனைப் பறிகொடுத்து இன்று அறுபதைத் தாண்டியவருக்கு இரண்டு வழியும் அடைபட்டது. நிறுத்திய சலுகைகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேட்டபோது, ஒவ்வொரு பயணிக்கும் சராசரியாக 46 சதவீத மானியம் ஏற்கெனவே கொடுக்கிறோம், 2022–23-இல் மட்டும் அது 56,993 கோடி ரூபாய் என்று பதில் வந்தது. அந்த 46 சதவீதம் கணவனைப் பறிகொடுத்த அவருக்கும் உண்டு, எதிர் பெர்த்தில் உட்கார்ந்து பட்டாளத்துக்காரரின் ஓசிப் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறவருக்கும் உண்டு.