முதலாளி நாம்தான், கேள்வி யார் கேட்பது?

ஒவ்வோர் ஆண்டும் ஈபிஎஃப் லாப ஈவு அறிவிக்கும் நாளில் எங்கள் வானொலிக்கு வரும் முதல் கேள்வி, "எத்தனை விழுக்காடு?" என்பதுதான். 2024-ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு. சொன்னதும் மகிழ்ச்சி, அடுத்து ஒரு பாட்டு. அந்தப் பணம் எந்தெந்த நிறுவனங்களில் சம்பாதித்தது என்று கேட்ட நேயர் ஒருவரையும் இதுவரை நான் சந்தித்ததில்லை.

அது ரகசியமெல்லாம் இல்லை. புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். முப்பது பெரிய பங்குதாரர்களின் பட்டியல் இருக்கும். பெரிய நிறுவனம் என்றால், 'சிட்டிகுரூப் நோமினிஸ்' என்ற பெயருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் 'எம்ப்ளாயீஸ் புரோவிடெண்ட் ஃபண்ட் போர்ட்' என்று போட்டிருக்கும். அது நாம்தான். மாதச் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கிறார்களே, அந்த நாம்.

அதே ஆண்டறிக்கையில் மரங்களும் சிரிக்கும் தொழிலாளர் படங்களுமாக இன்னொரு பகுதி வரும். அதுதான் நிலைத்தன்மை அறிக்கை. மின்சாரம், தண்ணீர், கழிவு, தொழிலாளர் நலன், ஊழல் தடுப்பு எனப் பணம் தவிர்த்த கணக்கெல்லாம் அதில் இருக்கும். இதைக் கட்டாயமாக்கும் விதியை 2015-இல் புர்சா கொண்டு வந்தது. பெரும்பாலோர் புரட்டிவிட்டுத் தாண்டிப் போகும் பகுதி.

நல்ல அறிக்கை போடும் நிறுவனம் நன்றாகச் சம்பாதிக்குமா? 2015-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, இந்தக் கேள்வியை ஆராய்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஏறக்குறைய 90 விழுக்காட்டு ஆய்வுகளில், பொறுப்பாக நடப்பதால் லாபம் குறைந்ததாகத் தெரியவில்லை. பெரும்பாலானவற்றில் இரண்டும் சேர்ந்தே உயர்ந்திருந்தன. ஆனால் எது முதலில் வந்தது? வசதியான வீட்டுப் பிள்ளை நாலு டியூஷனுக்குப் போவதுபோல, லாபம் கொழிக்கும் நிறுவனத்தால் ஆலோசகரை வைத்துத் தடிமனான அறிக்கையும் தயாரிக்க முடியும்.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். கோவிட் காலத்தில் உலகமே கையுறை தேடியபோது, டாப் குளோவின் பங்குகளை வாங்காத வாட்ஸ்அப் குழுவே இல்லை எனலாம். 2021 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில் அதன் லாபம் 700 கோடி ரிங்கிட்டைத் தாண்டியது. இதற்கிடையே, கட்டாய உழைப்புச் சந்தேகத்தின் பேரில் 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அதன் இரண்டு துணை நிறுவனங்களின் கையுறைகளைத் தடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் கிள்ளான் தொழிலாளர் விடுதிகளில் ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்று. 28 தொழிற்சாலைகளைக் கட்டங்கட்டமாக மூட உத்தரவு. லாபத்தை மட்டும் பார்த்தவர் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார். நிலைத்தன்மைப் பகுதியும் ஆண்டறிக்கையில் இருக்கத்தான் செய்தது.

இங்கே பிரச்சினையின் மையம் ஆள்சேர்ப்புக் கட்டணம். மலேசியாவில் வேலை வாங்க, ஊரில் ஏஜென்ட்டிடம் கடன்பட்டுப் பணம் கட்டி வருகிறார் ஒருவர். அந்தக் கடன் அடையும்வரை அவரால் வேலையை விட முடியாது. டாப் குளோ பிறகு 13 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது.

பங்குதாரர்கள் என்ன செய்தார்கள்? 2021 ஜனவரி ஆண்டுக் கூட்டத்தில், உலகின் மிகப் பெரிய நிதி நிர்வாக நிறுவனமான பிளாக்ராக், ஆறு சுயேச்சை இயக்குநர்களின் மறுதேர்வுக்கு எதிராக வாக்களித்தது. தொழிலாளர் நலனைக் கண்காணிக்கத் தவறினார்கள் என்பது அதன் வாதம். ஆனால் அதன் கையில் இருந்தது சிறு பங்கு. நிறுவனர் தரப்பிடம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இயக்குநர்கள் மீண்டும் தேர்வானார்கள்.

குடும்ப நிறுவனம், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிடலாமா? 2020 டிசம்பரில் சைம் டார்பி பிளான்டேஷனின் செம்பனை எண்ணெய்க்கும் அமெரிக்கா தடை போட்டது. இது, நிலைத்தன்மைச் சான்றிதழ் பெற்ற செம்பனை எண்ணெயை உலகிலேயே அதிகம் உற்பத்தி செய்யும் நிறுவனம். இதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு பிஎன்பி மற்றும் அதன் யூனிட் டிரஸ்ட் நிதிகளிடம். ஈபிஎஃப்பும் பெரிய பங்குதாரர். 1981-இல் பிஎன்பி லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கைப்பற்றிய கத்ரியின் தோட்டங்களும் இதில்தான் சேர்ந்தன. நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்டிய தோட்டங்கள். இன்று அங்கே வேலை செய்பவர்களில் பலர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களும் கடனோடுதான் வந்தார்கள் என்பது எனக்குச் சாதாரணச் செய்தியாகப் படவில்லை. நிறுவனம் 8 கோடி ரிங்கிட்டுக்கு மேல் ஒதுக்கித் தொழிலாளர்களின் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது.

ஒன்றில் குடும்பம் முதலாளி, மற்றொன்றில் மக்கள் முதலாளி. இரண்டிலும் கேள்வி வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்துதான் பலமாக வந்தது. முதலாளி என்று தெரியாத லட்சக்கணக்கான முதலாளிகள் இருக்கும் இடத்தில், மேலாளருக்கு வசதிதான்.

இப்போது விதிகள் இறுகுகின்றன. 2024 செப்டம்பரில் அறிவித்த தேசிய நிலைத்தன்மை அறிக்கைக் கட்டமைப்பின்படி, 200 கோடி ரிங்கிட்டும் அதற்கு மேலும் சந்தை மதிப்புள்ள முதன்மைச் சந்தை நிறுவனங்கள் 2025 முதல் அனைத்துலகத் தரத்தில் அறிக்கை தர வேண்டும். ஆனால் முதலிடம் பருவநிலைக்கு. மேலே சொன்ன இரண்டு நிறுவனங்களையும் தடையில் மாட்டிவிட்டது கரியமில வாயு இல்லை, தொழிலாளர் பிரச்சினை. அந்தப் பகுதி பின்னுக்குப் போய்விடக் கூடாதே என்பது என் கவலை.

உங்களுக்குப் பிடித்த நிறுவனத்தின் அறிக்கையைத் திறந்து ஒரே ஓர் எண்ணைத் தேடிப் பாருங்கள். மனித உரிமை மீறல் தொடர்பாக உறுதிசெய்யப்பட்ட புகார்கள் எத்தனை என்று சொல்ல வேண்டும் என 2022-இல் திருத்தப்பட்ட புர்சா விதிகள் கேட்கின்றன. ஆயிரக்கணக்கான வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கும் இடத்தில் அந்த எண் பூஜ்ஜியம் என்றால், புகார் எண்ணுக்கு அழைத்தால் வங்காளத்திலோ நேப்பாளியிலோ பேச ஆள் உண்டா என்று அடுத்த பத்தியில் தேடுங்கள். இல்லையென்றால், நூறு பங்கு வைத்திருப்பவரும் ஆண்டுக் கூட்டத்தில் அதைக் கேட்கலாம்.