எரியாத விளக்கும் கேட்பாரற்ற மனையும்

இரவு ஒன்பதரை மணிக்கு குரோம்பேட்டையில் மின்சார ரயிலை விட்டு இறங்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். குறுக்குத் தெருவில் நடந்தால் வீடு ஆறே நிமிடம். ஆனால் அந்தத் தெருவில் இரண்டு கிரவுண்டு காலி மனை ஒன்று இருக்கிறது. சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு மண்டி நிற்கிறது. எங்கோ இடித்த வீட்டின் செங்கல், உடைந்த டைல்ஸ், பழைய கதவுச் சட்டம் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக அங்கே வந்து கொட்டப்பட்டிருக்கின்றன. மேலே காலி குவார்ட்டர் பாட்டில்கள். எதிர்க் கம்பத்தில் விளக்கு இருக்கிறது, எரிவதில்லை. அவர் பேக்கரி வெளிச்சம் விழும் மெயின் ரோட்டிலேயே சுற்றிக்கொண்டு போகிறார், கழுத்துச் சங்கிலியைத் துப்பட்டாவால் மறைத்தபடி. அந்த மனை அருகே இன்றுவரை ஒரு திருட்டுகூட நடந்ததில்லை என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். அப்போதும் சுற்றித்தான் போவார்.

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு மனையைப் பார்க்கலாம். எப்போதோ முதலீடாக வாங்கிப் போட்டிருப்பார்கள். உரிமையாளர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார். நான்கு மூலையிலும் கல் நட்டதோடு அவர் வேலை முடிந்தது.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. இரண்டே மாதத்தில், 2022 ஜனவரி 1 அன்று, தாம்பரம் போலீஸ் கமிஷனரகமும் செயல்படத் தொடங்கியது. குப்பை, சாக்கடை என்றால் மாநகராட்சி. பயம் என்றால் போலீஸ் என்று மக்கள் மனத்தில் ஒரு பாகப்பிரிவினை இருக்கிறது. இந்தப் பிரிவினை தப்பு. பயத்தில் பாதி மாநகராட்சியின் கணக்கில் எழுத வேண்டியது.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பாழடைந்து கிடந்த 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலவற்றில் குப்பையை அள்ளி, புல் விரித்து, மரக்கன்று நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். சிலவற்றில் குப்பையை எடுத்துப் புல்லை வெட்டியதோடு சரி. மீதியைத் தொடவே இல்லை. 2018இல் முடிவு வெளியானது. சீர்செய்த மனைகளின் அக்கம்பக்கத்தில், வெளியே போகப் பயமாக இருக்கிறது என்ற கவலை சுமார் 58 சதவீதம் குறைந்திருந்தது. ஏழ்மை மிகுந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறையும் கணிசமாகக் குறைந்தது. அந்த மனைகளுக்குக் காவலுக்கு ஆள் போடவில்லை. வேலியும் ஒருவர் தாண்டிக் குதிக்கக்கூடிய உயரம்தான்.

காரணம் புரியாததல்ல. மாதக்கணக்கில் எரியாத விளக்கு, 'இங்கே கேட்க நாதியில்லை' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாம் கத்தினால் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள் என்பதுதான் அங்கே நடப்பவரின் பயம். அந்தப் பயத்தில் பிள்ளைகள் விளையாட வருவது நிற்கிறது, பெரியவர்கள் ஏழு மணிக்கே கேட்டைப் பூட்டுகிறார்கள். தெரு உண்மையிலேயே காலியாகிறது. அதற்குப் பிறகு திருடனுக்கும் அது வசதிதான்.

ஏ.கே. விஸ்வநாதன் சென்னை போலீஸ் கமிஷனராக இருந்த காலத்தில் 'மூன்றாவது கண்' என்று கண்காணிப்பு கேமரா திட்டம் சூடுபிடித்தது. நலச்சங்கங்களும் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து மாட்டின. நல்ல விஷயம்தான், குற்றவாளியைப் பிடிக்க உதவும். ஆனால், விளக்கில்லாத புதரைப் பார்த்து நிற்கும் கேமரா இருட்டைத்தான் பெரும்பாலும் படம் பிடிக்கும்.

தெருவைச் சீர்செய்யக் கிளம்புவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. உடைந்த ஒரு ஜன்னலைச் சரிசெய்யாமல் விட்டால் மற்ற ஜன்னல்களும் உடையும் என்று வில்சன், கெல்லிங் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1982இல் எழுதினார்கள். நியூயார்க் போலீஸ் அதைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலை விட்டுவிட்டு மனிதர்களைத் திருத்தக் கிளம்பியது. தெருவில் போகிற கறுப்பின இளைஞர்களை நிறுத்தி நிறுத்திச் சோதித்தார்கள். 2013இல் நீதிமன்றம் அந்த நடைமுறையை அரசமைப்புக்கு முரணானது என்றது. நம் ஊரிலும் 'தெருவைச் சுத்தம் பண்ணுங்கள்' என்றால் முதலில் தூக்கப்படுவது இஸ்திரி வண்டியும் இட்லிக் கடையும்தான். இரவு பத்து மணிவரை தெருமுனையில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருப்பதே அவர்களால்தான். வாடகை வீட்டில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களைப் பார்த்து வரும் பயம் வேறு ரகம். அதற்கு மருந்து துடைப்பத்தில் இல்லை.

மருந்து வேலை செய்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது. குப்பையும் கழிவுநீரும் சேர்ந்து நாறிய சிட்லபாக்கம் ஏரிக்காக 'சிட்லபாக்கம் ரைசிங்' தன்னார்வலர்களும் ஊர்க்காரர்களும் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்தார்கள், இறங்கிக் குப்பையும் அள்ளினார்கள். பிறகுதான் அரசு பணம் ஒதுக்கியது, கரை சீரானது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த கரையில் இப்போது நடைப்பயிற்சிக்கு ஆள் வருகிறார்கள்.

ஏரிக்கு ஆன செலவில் துளிகூட ஒரு மனைக்கு வேண்டாம். காலி மனைக்கும் வரி வசூலிக்கிற மாநகராட்சி, புதரை வெட்டச் சொல்லி உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். கேட்காவிட்டால் தானே வெட்டி, செலவை அந்த வரியோடு சேர்த்துக் கேட்கலாம்.

நகர்ப்புறங்களில் கிராம சபை போலப் பகுதி சபை தொடங்கியபோது, 2022 நவம்பர் 1 அன்று முதல்வர் ஸ்டாலின் வந்து உட்கார்ந்த கூட்டம் நடந்தது இதே மாநகராட்சியின் பம்மலில்தான். அடுத்த பகுதி சபைக்குப் போகிறவர்கள், எரியாத விளக்குக் கம்பத்தின் எண்ணையும் புதர் மண்டிய மனையின் சர்வே எண்ணையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எத்தனை நாளில் சரியாகும் என்ற பதிலையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.