விலகிப் போ என்றொரு சேதி

‘புரிதல் கோளாறு’ என்றொரு சொல் வைத்திருக்கிறார்கள். ரெண்டு தேசங்களுக்கு இடையில் பிணம் விழுந்தால் முதலில் இந்தச் சொல்தான் வரும். சேதி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் ஒண்ணும் நடந்திருக்காதாம். யாரிடம் கதை விடுகிறார்கள்?

2012 பிப்ரவரி 15. கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல். ‘என்ரிகா லெக்சி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவல் நின்ற அந்நாட்டுக் கடற்படை வீரர்கள் ‘செயின்ட் ஆண்டனி’ விசைப்படகைச் சுட்டார்கள். படகு நம்ம குமரி மாவட்டத்துக்காரருடையது. செத்த ரெண்டு பேரில் ஒருவன் நம்ம மாவட்டத்துப் பையன். கடற்கொள்ளைக்காரர்கள் என்று நினைத்தோம், விளக்கடித்தோம், துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினோம், தண்ணீரில் சுட்டு எச்சரித்தோம், படகு விலகவில்லை என்றது சுட்ட தரப்பு. படகில் பெரும்பாலானோர் தூங்கிக்கொண்டிருந்தோம் என்றார்கள் பிழைத்து வந்தவர்கள்.

‘விலகவில்லை.’ இதை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லியா? நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ராஜாக்களின் கையில் கிடந்த காலத்தில், மேல்சாதிக்காரன் பாதையில் வந்தால் கூட வருகிறவன் கூவிக்கொண்டே வருவான். கூவல் கேட்டதும் புலையரும் பறையரும் வயலில் இறங்கி விலகணும். இன்ன சாதிக்கு இத்தனை அடி என்று கணக்கு. காதில் விழாமல் எதிரே வந்துவிட்டால் குற்றம் வந்தவனுடையது. அதுவும் ஒரு தகவல் தொடர்பு ஏற்பாடுதான். ஒரு பக்கம் வாய், மறுபக்கம் வெறும் காது. பதில் சொல்ல வழி வைக்காத சேதிக்குப் பேர் கட்டளை.

செத்தவர்கள் தலித்துகளா, நம்ம பத்திரிகையில் எதுக்கு என்று கேட்பீர்கள். தூரத்தை வைத்து மனுசனை அளக்கிறவன் எந்தக் கடலில் நின்றாலும் அது நம்ம விவகாரம்தான்.

300 டன்னுக்கு மேற்பட்டு நாடு விட்டு நாடு போகிற கப்பல், தன் பெயரையும் போக்கையும் தானாக ஒலிபரப்பும் கருவி வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆக, பெரியவன் பெரியவனை அடையாளம் கண்டுகொள்வான். சின்னப் படகு ராடாரில் பெயரில்லாத புள்ளி. பெயரில்லாத புள்ளிமேல் யாரும் தன் பயத்தை எழுதிக்கொள்ளலாம். நான் குப்பை கொட்டுகிற வங்கியில்கூட, கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் காரணம் எழுதிச் செக்கைத் திருப்பித் தருகிறோம். ஆளை முடித்துவிடுவதில்லை.

அப்புறம் ரெண்டு அரசுகளும் பேசாத பேச்சா? ஓட்டுப் போட ஊருக்குப் போன வீரர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றது இத்தாலி, 2013 மார்ச்சில். அதன் தூதர் இந்தியாவை விட்டுப் போகக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அந்த மாதமே திரும்பி வந்தார்கள். 2020-ல் சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்புச் சொன்னது: வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியா விசாரிக்க முடியாது, படகின் கப்பலோட்டும் சுதந்திரத்தை மீறியதற்கு இத்தாலி நட்டஈடு தரணும். 10 கோடி ரூபாய் வந்தது. 2021 ஜூனில் இங்கே வழக்கு முடிந்தது, 2022-ல் ரோமிலும் மூடினார்கள். சுட்டது கொலையா இல்லையா என்று எந்த நாட்டிலும் தீர்ப்பு வரவில்லை.

நம்ம அரசு மட்டும் என்ன யோக்கியம்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, தொலைகடலில் நாள்கணக்கில் கிடந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகளுக்குச் சேதி போகவில்லை. கரையிலிருந்து பேசும் வி.எச்.எஃப். அவ்வளவு தூரம் எட்டாது. சேட்டிலைட் போனோ, அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். கடைசியில் சனம் குழித்துறையில் ரயிலை மறித்து உட்கார வேண்டி வந்தது.

ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் என்று 2024-ல் மத்திய அரசு அறிவித்தது. வரட்டும். படகு எங்கே நிற்கிறது என்று கரை பார்த்துக்கொள்ள மட்டும்தான் அது என்றால் நமக்கு எதுக்கு? படகிலிருந்து ஒருவன் கூப்பிட்டால் கரையில் எடுக்க ஆள் இருக்கணும். தூரத்தில் வருகிறவனிடம் ‘நீ யாரு’ என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கணும். இந்த ஒரு நாழிகைப் பொறுமையை எந்தக் கருவியும் செய்து தராது. அதைச் சட்டமாக்கச் சொல்லி நாம்தான் கூவ வேண்டும். இந்தத் தடவை அவர்கள் விலகட்டும்.