தலைமை உபாத்தியாயரா? தலைமைக் குமாஸ்தாவா?

அத்திப்பட்டுப் பக்கம் ரயிலில் போகும் தோழர்கள் அங்குள்ள புகைபோக்கிகளைப் பார்த்திருப்பார்கள். வடசென்னை அனல் மின்நிலையம் 1994 முதல் மின்சாரம் உற்பத்தி செய்கிறது. அதன் பக்கத்திலேயே 2001ல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்திற்கு 2014ல் காமராசர் பெயரையும் வைத்துவிட்டார்கள். மின்நிலையத்தில் கொதிகலனைக் கவனிக்கும் இஞ்சினீயரை எந்த மேலதிகாரியாவது கூப்பிட்டு, "இன்றைக்குக் கொதிகலன் கிடக்கட்டும், நீ போய் வந்த சாக்குகளை எண்ணி ஒப்புக்கொள்" என்று சொல்லுவாரா? சொன்னால் அவருக்குப் புத்தி சுவாதீனமில்லை என்றுதானே கருதுவோம்? ஆனால் அந்த மின்நிலையத்தில் கூலி வேலை செய்கிறவனுடைய பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தின் தலைமை உபாத்தியாயரை மாத்திரம் எதற்கு வேண்டுமானாலும் ஏவலாம் என்று வைத்திருக்கிறார்கள்.

சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்குக் குமாஸ்தா கிடையாது. புத்தக மூட்டையும் சீருடையும் வந்தால் இறக்கி எண்ணுகிறவர் தலைமை உபாத்தியாயர். சாப்பாட்டுக் கணக்குக்கும், கணினியில் ஏற்றும் புள்ளிவிவரத்துக்கும், மேலே இருந்து வரும் கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்கும் அவரே. இவ்வளவுக்கும் நடுவில் தாமும் ஒரு வகுப்புக்குப் பாடம் சொல்ல வேண்டும். உபாத்தியாயர்களைக் கல்வியல்லாத வேலைக்கு அனுப்பக்கூடாது என்று 2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27வது பிரிவு சொல்லுகிறது. ஜனத்தொகைக் கணக்கு, பேரிடர் உதவி, தேர்தல் இம்மூன்றுக்கு மாத்திரம் விலக்கு. கதவைச் சாத்திவிட்டு மூன்று ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான் இது. போகட்டும், பள்ளிக்கூடத்துக்குள்ளேயே அவர் தலையில் ஏற்றப்பட்டிருக்கும் குமாஸ்தா வேலையை எந்தப் பிரிவு தடுக்கிறது?

நிற்க, ஒரு பள்ளிக்குத் தலைவர் எதற்கு என்று கேட்கிறோம். இந்தத் தொழிற்சாலைப் பிரதேசத்தில் ஒரே வகுப்பில் தமிழ் பேசும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரியாவும் இந்தியும் பேசும் வீட்டுப் பிள்ளையும் உட்காருகிறது. புதிதாக வேலைக்கு வந்த ஒரு இளம் பெண் அங்கே அகரம் சொல்லித்தர வேண்டும். அவளுக்கு யார் துணை? அவள் வகுப்பின் கடைசிப் பலகையில் தலைவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கவனித்து, பிறகு தனியாக, பிள்ளைகள் முன்னிலையில் அல்ல, "இந்த இடத்தில் வேகமாகப் போய்விட்டீர்கள், அந்த மூலையில் நான்கு பிள்ளைகளுக்கு விளங்கவில்லை" என்று சொல்ல வேண்டாமா? மற்றொரு நாள் அவள் வகுப்பைத் தாம் எடுத்துக்கொண்டு, அனுபவமுள்ளவர் பாடம் சொல்லும் விதத்தைப் பார்த்து வர அவளை அனுப்ப வேண்டாமா? ஊர்ப் பெரிய மனிதர் யாராவது வந்து அவளை அதட்டினால் குறுக்கே நிற்க வேண்டாமா? பதிவேட்டில் குனிந்த தலை நிமிராதவர் இதையெல்லாம் எப்பொழுது செய்வது?

இது நம்முடைய கற்பனையல்ல. நியூசிலாந்து தேசத்து விவியன் ராபின்சன் என்ற அம்மையாரும் அவர் கூட்டாளிகளும் பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து அலசி 2008ல் முடிவு வெளியிட்டார்கள். தலைவர் செய்யும் காரியங்களில், உபாத்தியாயர்கள் தொழிலைக் கற்றுக்கொள்ளுவதை ஊக்கி, அதில் தாமும் கூட உட்கார்ந்து கற்பதுதான் பிள்ளைகளின் படிப்போடு மற்றெல்லாவற்றையும்விட அதிகச் சம்பந்தமுள்ளதாயிருந்தது. மிரட்டினால்தான் வேலை நடக்கும் என்கிற நம் ஊர்ச் சாணக்கியர்கள் இதைக் கவனிப்பார்களாக.

நம் ஜில்லாவிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1953ல் வந்த அரை நேரப் படிப்புத் திட்டம் 1954ல் ஒழிந்தது. அவ்வருஷம் கல்வி இலாகாத் தலைவரானவர் நெ.து. சுந்தரவடிவேலு. அவர் காலத்தில் 1958ல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. பள்ளிக்கு என்ன குறை என்பதை உபாத்தியாயர்களும் ஊராரும் உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். பலகையும் கட்டடமும் ஊராரே கொடுத்தார்கள். அந்த இயக்கம் ராஜ்யம் முழுவதும் பரவிற்று. உபாத்தியாயர்களை மிரட்டி இது நடந்ததா? அவர்களையும் மனிதர்களாக மதித்து முன்னே நிறுத்தியதால் அல்லவா நடந்தது?

ஜாதிப் பேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023ல் நாங்குநேரியில் ஒரு மாணவன் ஜாதி வெறியால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024ல் கொடுத்த அறிக்கையில், ஒரு பிரதேசத்தில் ஆதிக்கமுள்ள ஜாதிக்காரரை அங்கேயே தலைமை உபாத்தியாயராக வைக்கக்கூடாது என்றது. நாம் அதை முழு மனதோடு ஆதரிக்கிறோம். தலைவர் தம் ஜாதிக்காரரை அணைத்துக்கொண்டு, சேரியிலிருந்து வந்த உபாத்தியாயரை ஓரங்கட்டினால், அந்தப் பள்ளியில் யார் யாருக்குத் துணை?

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது அதிகமல்ல. சிறு பள்ளிகள் நாலைந்துக்கு ஒரு குமாஸ்தாவையாவது போடட்டும். வயது மூப்பு ஒன்றையே யோக்கியதையாக வைத்து நாற்காலியைக் கொடுக்காமல், அதில் உட்காருமுன் பிறருக்குத் தொழில் சொல்லித்தரும் பயிற்சியையும் கொடுக்கட்டும். கல்வி மானியத்தின்மேல் பேசப்போகும் சட்டசபை அங்கத்தினர்கள், தங்கள் தொகுதியில் எத்தனை தலைமை உபாத்தியாயர்கள் சென்ற வாரம் மற்றொருவர் வகுப்பில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்தார்கள் என்பதை நேரில் விசாரித்துக்கொண்டு போகட்டும்.